எஸ்.எல்.ஆர். துப்பாக்கியும் ஒரு லேத் பட்டறைக்காரனும்

மதுரையில் ஒரு துப்பாக்கியைப் பக்கத்தில் நின்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். மீனாட்சி அம்மன் கோயில் வாசலுக்குப் போனால் போதும். செல்போனைக் கொடுத்துவிட்டு வரிசையில் நகரும்போது, பந்தோபஸ்துக்கு நிற்கிற போலீஸ்காரரின் தோளில் நீளமாக ஒன்று தொங்கும். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அதை ஏ.கே.47 என்பார்கள். எல்லாம் சினிமா பார்த்துக் கெட்ட பழக்கம். நான் பல வருடங்களாக அங்கே பார்த்தது பெரும்பாலும் எஸ்.எல்.ஆர்.தான், அதாவது அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ‘செல்ஃப் லோடிங் ரைஃபிள்’. ஏ.கே.வின் மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி, வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதன் மேகசின் கிட்டத்தட்ட நேராக இருக்கும், குழல் நீளம், உருவத்தில் ஒரு பழைய காலத்து மிடுக்கு. பெல்ஜியத்தில் பிறந்து, இங்கிலாந்தைச் சுற்றி வந்து, வங்காளத்து இசாப்பூரில் நம் ஊர் எஃகில் வார்த்தெடுத்த சாமான்.

எனக்குத் துப்பாக்கி மேல் மோகம் ஒன்றும் கிடையாது. கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத்தும் மில்லிங்கும் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவன் நான். எந்தச் சாமானைப் பார்த்தாலும் இதை எப்படிக் கடைந்தான், எங்கே ஆட்டத்துக்கு இடைவெளி (பிளே) விட்டான், எது முதலில் தேயும் என்றுதான் புத்தி போகும். என் தாய்மாமா மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரையூர்ப் பக்கம் ஊர். எஸ்.எல்.ஆர். என்று ஆரம்பித்துவிட்டால் காபி ஆறிப் போகும், பேச்சு நிற்காது. அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து வைத்து யோசித்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. இந்தத் துப்பாக்கியை வடிவமைத்தவர் எல்லாவற்றையும் தானே முடித்து வைக்கவில்லை. தொழிற்சாலையில் பொருத்துகிறவனுக்கு ஓர் இடம், களத்தில் சுடுகிறவனுக்கு ஓர் இடம் என்று இரண்டு இடங்களைத் திறந்து விட்டுப் போயிருக்கிறார். இதன் பெருமையும் அங்கேதான், வில்லங்கமும் அங்கேதான்.

அவர் பெயர் தியூடோனே செவ். பெல்ஜியத்தில் லியேஜ் நகரை ஒட்டிய எர்ஸ்டாலில் இருக்கும் எஃப்.என். தொழிற்சாலையின் தலைமை வடிவமைப்பாளர். துப்பாக்கி உலகில் விஸ்வகர்மா அந்தஸ்து உள்ள ஜான் பிரவுனிங் 1926இல் அந்த எர்ஸ்டாலில்தான் இறந்தார். அவர் பாதியில் விட்டுப் போன கைத்துப்பாக்கியை முடித்துக் கொடுத்தவர் செவ். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் பெல்ஜியத்தைப் பிடித்ததும் இங்கிலாந்துக்குத் தப்பிப் போய் அங்கே வரைபலகையில் உட்கார்ந்தார். போர் முடிந்து ஊர் திரும்பியபின் எர்னஸ்ட் வெர்வியே என்ற சகாவோடு சேர்ந்து உருவாக்கியதுதான் நம் எஸ்.எல்.ஆரின் மூல வடிவமான எஃப்.ஏ.எல். பிரெஞ்சில் அதற்கு ‘இலகுரக தானியங்கித் துப்பாக்கி’ என்று அர்த்தம் வரும். காலியாகவே 4 கிலோவுக்கு மேல். இலகு என்று பெயர் வைத்தவரை மாமாவிடம் ஒரு நாள் ரூட் மார்ச்சுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அந்த எடை அவர் விரும்பி வைத்ததல்ல. முதல் மாதிரிகளை ஜெர்மானியர்களின் குட்டைத் தோட்டாவுக்கும், பிறகு ஆங்கிலேயர்கள் உருவாக்கிய .280 தோட்டாவுக்கும்தான் செய்தார். இரண்டும் மிதமான சக்தி உள்ளவை. அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பழைய போர்த் துப்பாக்கிகளின் வலுவில் குறையக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து, 7.62 மி.மீ. தோட்டாவை நேட்டோ முழுவதற்கும் பொதுவாக்கியது. செவ் தன் துப்பாக்கியைப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. இவ்வளவையும் செய்ய வைத்த அமெரிக்கா அதை வாங்கியதா? இல்லை. 1957இல் சொந்தச் சரக்கான எம்14ஐ எடுத்துக்கொண்டது. பத்து வருடத்துக்குள் அதையும் ஓரங்கட்டிவிட்டுச் சின்னத் தோட்டா போடுகிற எம்16க்குப் போய்விட்டது. பெரிய வீட்டுக்காரன் சொன்னான் என்று வாங்கின அளவில் மற்றவர்கள் முப்பது வருடம் சுட்டார்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

விசையை இழுத்ததும் தோட்டா வெடிக்கிறது. வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு குழலுக்குள் ஓடுகிறது. குழலின் முன்பாதியில் மேல்பக்கம் ஒரு சின்னத் துளை. குண்டு அதைத் தாண்டிய அந்த நொடித் துணுக்கில் கொஞ்சம் வாயு துளை வழியே மேலே ஏறி, அங்கே படுத்திருக்கும் பிஸ்டனை உதைக்கிறது. பிஸ்டன் நெடுந்தூரம் வராது. குழலின் பின்வாயை அடைக்கும் போல்டைச் சுமக்கிற போல்ட் கேரியருக்கு ஒரு குத்து விட்டுவிட்டுத் தன் ஸ்பிரிங்கின் தயவில் இடத்துக்குத் திரும்பிவிடும். குத்து வாங்கிய கேரியர் பின்னால் கிளம்புகிறது. கிளம்பிய உடனே போல்டை இழுத்துவிடாது. முதலில் சில மில்லிமீட்டர் சும்மா ஓடும். குண்டு குழலை விட்டு வெளியேறி உள்ளே அழுத்தம் இறங்கட்டும் என்பதற்கான அவகாசம் அது. அப்புறம்தான் கேரியரின் உட்புறச் சரிவு போல்டின் பின்பக்கத்தை மேலே தூக்கும். பூட்டுத் திறக்கும். காலித் தோட்டாக்கூடு வலது பக்கம் தெறிக்கும், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் மறுபடி பின்னால் சாயும், தோளில் ஊன்றும் பிருஷ்டத்துக்குள் இருக்கும் ஸ்பிரிங் சுருங்கி எல்லாவற்றையும் முன்னால் தள்ளும், வழியில் மேகசினிலிருந்து அடுத்த ரவுண்டை அள்ளிக்கொண்டு அறைக்குள் போடும். போல்டின் பின்பக்கம் கீழே சாய்ந்து உட்காரும்.

அந்தச் சாய்வுதான் எனக்குப் பிடித்த இடம். பழைய வீடுகளில் கதவை உள்ளே சாத்திவிட்டு ஒரு கட்டையைத் தரையில் ஊன்றிச் சாய்த்து முட்டுக் கொடுப்பார்கள் இல்லையா, அதே தத்துவம். வெளியிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் பலம் கட்டை வழியே தரைக்குப் போய்விடும். இங்கே கட்டை என்பது போல்ட். தரை என்பது துப்பாக்கியின் உடலான ரிசீவரில் குறுக்கே செருகியிருக்கும் கடினமாக்கிய ஒரு எஃகுத் துண்டு. லாக்கிங் ஷோல்டர் என்பார்கள். வெடிக்கும் தோட்டாவின் பின்னுதைப்பு முழுவதும் அந்த விரல் தண்டித் துண்டின் மேல்தான் இறங்குகிறது.

ரிசீவரோடு சேர்த்தே அதைக் கடைந்திருக்கலாமே, ஏன் தனியாகச் செய்து செருக வேண்டும் என்று பட்டறைப் பக்கம் தலைகாட்டாதவர்கள் கேட்கலாம். குழல் ஒரு மெஷினில், போல்ட் இன்னொன்றில், ரிசீவர் வேறொன்றில் ஓடி வருகிறது. ஒவ்வொன்றும் அளவு பார்க்கும் கேஜில் பாஸாகியிருக்கும். ஆனால் ஒன்று கொஞ்சம் மேல் அளவில் பாஸாகியிருக்கும், மற்றொன்று கொஞ்சம் கீழ் அளவில். மூன்றையும் சேர்க்கும்போது அந்த மைக்ரான்கள் எல்லாம் கூட்டணி வைத்துக்கொண்டு கடைசியில் போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவே இடைவெளியாக வந்து நிற்கும். இடைவெளி கூடினால் பித்தளைத் தோட்டாக்கூடு விரிசல் விட்டு வாயு சுடுகிறவன் முகத்துக்கு வரும். குறைந்தால் போல்ட் பூட்டவே பூட்டாது. இதைத் தவிர்க்க எல்லாப் பாகத்தையும் அளவு இம்மியும் பிசகாத டைட்டான டாலரன்ஸில் செய்யலாம். விலை எகிறும், ரிஜெக்ஷன் குவியும். செவ் அந்தத் தலைவலியை ஒரே ஒரு துண்டுக்கு மாற்றிவிட்டார். லாக்கிங் ஷோல்டரைப் பல அளவுகளில், ஒன்றுக்கொன்று 0.02 மி.மீ. வித்தியாசத்தில் செய்து வரிசையாக வைத்துவிடுவது. பொருத்துகிறவன் கேஜைப் போட்டுப் பார்த்து, இந்தத் துப்பாக்கிக்கு இந்த நம்பர் என்று எடுத்துச் செருக வேண்டியதுதான். வருடங்கள் ஓடித் தேய்ந்தால் அடுத்த அளவைப் போட்டுக்கொள்ளலாம். டீசல் பம்ப் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. தேர்ந்தெடுத்துப் பொருத்துவது என்பது எங்கள் தொழிலில் அன்றாட விஷயம். ஆனால் லட்சக்கணக்கில் செய்யப்போகிற ராணுவச் சாமானில், உயிர் தொங்குகிற அளவை, கடைசியில் ஒரு ஃபிட்டரின் கைக்கு விட்டுக் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும்.

இரண்டாவது இடம் வாயுவின் அளவைத் திருத்தும் கேஸ் ரெகுலேட்டர். குழலிலிருந்து மேலே ஏறுகிற வாயு முழுவதும் பிஸ்டனுக்குப் போக வேண்டியதில்லை. வெளியே போக ஒரு சந்து வைத்து, அந்தச் சந்தை ஒரு வளையத்தால் கூட்டிக் குறைக்க வைத்திருக்கிறார்கள். திறந்தால் வாயு வெளியே போகும், பிஸ்டனுக்கு வேகம் குறையும். மூடினால் வேகம் கூடும். துப்பாக்கி சுத்தமாக இருக்கும்போது கொஞ்சம் வாயுவே போதும். மண்ணும் கரியும் சேரும்போது இன்னும் கொஞ்சம் தேவைப்படும். மாமாவின் பாடம் இதுதான்: துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்கிற மிகக் குறைந்த அளவைச் சுட்டுப் பார்த்துக் கண்டுபிடி, அதற்கு மேல் ஓரிரண்டு கிளிக் மூடு, அதோடு விடு. தேவைக்கு மேல் மூடினால் கேரியர் தடதடவென்று பின்னால் வந்து மோதும். தோளும் வாங்கும், துப்பாக்கியும் வாங்கும்.

மதுரை ஆயுதப்படை மைதானத்தில் ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போலீஸ் ஆயுதக் கண்காட்சி வைத்திருந்தார்கள். மாமாவையும் கூட்டிப் போனேன். வெள்ளைத் துணி விரித்த மேஜைகளில் பழைய .303, கார்பைன், கண்ணீர்ப்புகைத் துப்பாக்கி, எஸ்.எல்.ஆர். என்று வரிசையாக வைத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஓர் இளவயதுக் கான்ஸ்டபிள். மாமா பழைய ராணுவத்துக்காரர் என்று தெரிந்ததும் அந்தத் தம்பிக்கு உற்சாகம் வந்து, பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு எஸ்.எல்.ஆரைப் பிரித்துக் காட்டினார். பக்கவாட்டில் ஒரு தாழ். அதைத் தள்ளியதும் பிருஷ்டமும் விசைப் பகுதியும் கீல் மேல் கீழே மடிந்தன. மேல்மூடி பின்பக்கமாக வழுக்கி வந்தது. போல்ட் கேரியரின் வாலைப் பிடித்து இழுத்தார், முழுப் பாகமும் கையோடு வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் கிடையாது, சுத்தியல் கிடையாது. இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியை மடித்துப் பார்க்கிற அதே பாணி. புல்த்ரூ கயிறு போட்டுக் குழலைத் துடைக்க வேண்டுமானால் பின்பக்கமிருந்தே நேராகப் போடலாம். மடித்துப் பிடித்தால் குழலின் உள்ளே ரைஃப்ளிங் வரிகள் ஒரு கண்ணுக்கு மட்டும் சுருண்டு சுருண்டு போவது தெரிந்தது.

மாமா அதையெல்லாம் பார்க்கவில்லை. குனிந்து முன்பக்கத்தில் ஒரு வளையத்தை நகத்தால் தொட்டார்.

“ரெகுலேட்டர் முழுசா மூடிக் கெடக்கே தம்பி?”

“எப்பவும் அப்படித்தான்யா இருக்கும். அதுல யாரும் கை வைக்கிறதில்ல.”

“அப்ப அது எதுக்கு வச்சிருக்கான்?”

அந்தத் தம்பி சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். “கோல்னா ஜோட்னா எல்லாப் பயலுக்கும் தெரியும் மாப்ள. கண்ணக் கட்டி விட்டாலும் பிரிச்சு மாட்டுவான். ஆனா இந்த வளையத்த ஏன் திருப்புறோம்னு தெரிஞ்சவன் கம்பெனிக்கு நாலு பேரு இருந்தா அதிசயம்.”

கலாஷ்னிகோவின் துப்பாக்கியை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஏ.கே.47இல் ரெகுலேட்டரே கிடையாது. எந்த அழுக்கிலும் ஓடுகிற அளவுக்கு வாயுவை எப்போதும் தாராளமாக விட்டுவிட்டார்கள். பாகங்களுக்கு நடுவே பிளேயும் தாராளம். சுடுகிறவன் எதையும் திருத்த வேண்டாம், திருத்தவும் முடியாது. கலாஷ்னிகோவ் சிப்பாயை நம்பவில்லை. செவ் நம்பினார். பட்டறைக்காரனாக எனக்கு செவ் கட்சிதான் பிடிக்கும். ஆனால் கோத் என்கிற ஆயுத அறையில் துப்பாக்கியை வாங்கி, ட்யூட்டி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிற ஒரு கான்ஸ்டபிளுக்கு எது நல்லது என்று கேட்டால் என்னால் செவ் பெயரைச் சொல்ல முடியாது.

1962இல் சீனாவோடு மோதியபோது நம் சிப்பாய்கள் கையில் இருந்தது .303. ஒவ்வொரு குண்டுக்கும் போல்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். எதிரில் வந்தவர்களிடம் தானாக லோடு ஆகிற துப்பாக்கிகள் இருந்தன. அந்த அடிக்குப் பிறகுதான் நம் ஆட்களுக்கு அவசரம் வந்தது. ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, பெல்ஜிய எஃப்.ஏ.எல். வகைகளைப் பிரித்துப் பார்த்து, அளவெடுத்து, தாங்களே வரைபடம் போட்டு, 1ஏ1 என்று பெயரிட்டு இசாப்பூர் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தார்கள். உரிமம் வாங்கவில்லை. எஃப்.என். சண்டைக்கு வந்தது, அப்புறம் ஒருவழியாகப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலேயர்கள் பெல்ஜிய வரைபடங்களை அங்குல அளவுக்கு மாற்றித் தங்கள் எல்1ஏ1ஐச் செய்தார்கள். நாம் இரண்டையும் பார்த்து மூன்றாவதாக ஒன்றைச் செய்தோம். அதனால் நம் துப்பாக்கியின் பல பாகங்கள் அதற்கும் சேராது, இதற்கும் சேராது. உதிரிபாகம் செய்து வயிறு வளர்க்கிற என்னைப் போன்றவனுக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

உரிமம் விஷயத்தில் ஜெர்மனி கதையும் உண்டு. அவர்கள் எஃப்.ஏ.எல்லை வாங்கிப் பார்த்து, பிடித்துப் போய், நாங்களே செய்துகொள்கிறோம் என்று கேட்டார்கள். இருமுறை ஊருக்குள் படையோடு புகுந்தவனுக்கு எவன் கொடுப்பான்? பெல்ஜியம் முடியாது என்றது. ஜெர்மனி ஸ்பெயின் பக்கம் போய் ஒரு வடிவத்தைப் பிடித்து ஜி3 ஆக்கியது. அதுவும் உலகம் முழுக்க விற்று, எஃப்.ஏ.எல்லுக்கே போட்டியாக வந்து நின்றது.

ஆனாலும் எஃப்.ஏ.எல். 90க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. ‘சுதந்திர உலகின் வலது கை’ என்று பட்டப்பெயர் கூட உண்டு. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவிலும் இதுதான் ராணுவத் துப்பாக்கி, ராணுவ ஆட்சி நடந்த அர்ஜென்டினாவிலும் இதுதான். என்ன சுதந்திரமோ. 1982 ஃபாக்லாந்து போரில் ஆங்கிலேயர், அர்ஜென்டினர் இரு தரப்பும் ஒரே குடும்பத்துத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். முக்கிய வித்தியாசம், அர்ஜென்டினர்களுடையதில் விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும். ஆங்கிலேயர்களுடையதில் ஓர் அழுத்தத்துக்கு ஒரு குண்டுதான். நம்முடைய எஸ்.எல்.ஆரும் அப்படித்தான். இது சிக்கனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது மட்டும் காரணமில்லை. இவ்வளவு வலுவான தோட்டாவை இந்த எடையில் தொடர்ந்து சுட்டால் மூன்றாவது குண்டு வானத்தைப் பார்க்கும். கையாள முடியாத ஒன்றை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கணக்கு திறந்த வெளிக்கு. 1987இல் அமைதிப்படை யாழ்ப்பாணத்துக்குப் போனபோது மாமாவின் பட்டாலியனும் போனது. அங்கே எதிரில் இருந்தவர்களிடம் ஏ.கே. வகைத் துப்பாக்கிகள். சுடும் தூரம் பல இடங்களில் ஒரு வீட்டு முற்றத்தின் அளவு. “நம்ம சாமான் நல்ல சாமான்தேன். ஆனா அந்தச் சந்துக்குள்ள அம்புட்டு நீளத்த வச்சுக்கிட்டுத் திரும்ப முடியாது மாப்ள. வேலில மாட்டும். அவன் சின்னதா வச்சுக்கிட்டு சடசடன்னு அடிச்சிட்டுப் போயிருவான்.” ஒன்றரை அடி அகலச் சந்தில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான துப்பாக்கி. அதோடு சுமை வேறு. எஸ்.எல்.ஆரின் ஒரு ரவுண்டு ஏறத்தாழ 24 கிராம், ஏ.கே. ரவுண்டு 16 கிராம். ஒரே எடைக்கு அவனிடம் மூன்று இருக்கும்போது நம் ஆளிடம் இரண்டுதான். யாரைச் சுட்டோம், எந்தப் பாஷை பேசியவர்களைச் சுட்டோம் என்பதையும் மாமா பேசுவார், ஆனால் அதை இங்கே எழுத அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை.

600 மீட்டர் தூரத்தில் இருக்கும் எதிரிச் சிப்பாயை மனதில் வைத்துச் செய்த தோட்டா இது. வினாடிக்கு 840 மீட்டர் வேகத்தில் கிளம்பும், யார் மேலும் படாவிட்டால் 3 கிலோமீட்டரைத் தாண்டியும் பறக்கும். அதைக் கொண்டுபோய் ஊருக்குள் கூட்டத்தைக் கலைக்கிற வேலைக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்து 13 பேர் இறந்தபோது, வேன் மேல் ஏறி நின்று குறிபார்த்த காட்சியோடு எஸ்.எல்.ஆர். என்ற பெயரும் வீட்டுக்கு வீடு அடிபட்டது. அன்று மாமா டிவியை அணைக்கச் சொல்லவில்லை, முழுவதும் பார்த்தார். “லத்தி பிடிக்கிற கையில இதக் குடுத்தவன மொதல்ல கேக்கணும்” என்றார். துப்பாக்கி பழையதா புதியதா, ரெகுலேட்டர் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதற்கெல்லாம் அங்கே அர்த்தமே இல்லை.

ராணுவத்தில் 1990களில் இன்சாஸ் என்ற இந்தியத் துப்பாக்கி வந்து எஸ்.எல்.ஆரை அனுப்பி வைத்தது. சின்ன 5.56 மி.மீ. தோட்டா, எடை குறைவு, திருச்சித் தொழிற்சாலையிலும் செய்தார்கள். 1999 கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டன என்று பெயர் கெட்டது. அப்புறம் பழையவர்கள் எல்லோரும் ஒரே குரலில், சின்னக் குண்டு பட்டவன் எழுந்து ஓடுகிறான், எஸ்.எல்.ஆர். பட்டவன் எழுந்திருக்க மாட்டான் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி ஓய்வூதியக்காரர்களின் ஏக்கம். ஆனால் டெல்லியில் யாரோ காது கொடுத்திருக்கிறார்கள். 2019இல் அமெரிக்காவின் சிக் சாவர் கம்பெனியிடம் 72,400 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதன் தோட்டா, 1950களில் அமெரிக்கா எல்லோர் தலையிலும் கட்டிய அதே 7.62.

செய்தியைப் போனில் வாசித்துக் காட்டினேன். மாமா தோட்டாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“வெயிட்டு எம்புட்டாம்?”

கிட்டத்தட்ட 4 கிலோ வரும் என்றேன்.

“அப்ப நமக்கு அரைக் கிலோதேன் லாபம்” என்று சொல்லிவிட்டு, மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கக் கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.